டைமிங் பெல்ட்டே இல்லாத காருக்கு டைமிங் பெல்ட் பில்

சென்னைப் புறநகரில் ஒரு மல்டிபிராண்ட் ஒர்க்‌ஷாப். வண்டி 2015 மாடல் ஹோண்டா சிட்டி, பெட்ரோல், மேனுவல் கியர், 82,000 கி.மீ. ஓடியது. காலையில் ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் மேல்பக்கம் 'டிக் டிக்' சத்தம், ஏசியில் குளிர்ச்சி குறைவு. இந்த இரண்டு புகாருக்காக 11 மணிக்கு விட்ட கார் மதியம் 2 மணிக்குத் திரும்பி வந்தது. பில் 31,554 ரூபாய், தேதி 2025 நவம்பர். "டைமிங் பெல்ட் லூசா இருந்துச்சு சார், அறுந்திருந்தா இன்ஜினே போயிருக்கும், நல்ல நேரத்துல வந்தீங்க" என்று ஆறுதல் வேறு. மறுநாள் காலையில் அதே டிக் டிக்.

பில்லில் பெரிய வரி இதுதான்: டைமிங் பெல்ட் கிட் 9,800, மாற்றுக்கூலி 4,500. பிஸ்டனும் வால்வும் ஒன்றுக்கொன்று ஒத்து இயங்க வைப்பதுதான் டைமிங் பெல்ட்டின் வேலை. இந்த 1.5 ஐ-விடெக் இன்ஜினில் அந்தப் பொருளே கிடையாது. அந்த வேலைக்கு உள்ளே இருப்பது இரும்புச் செயின். ஆயிலிலேயே முழுகி ஓடும், கி.மீ. கணக்கு வைத்து மாற்றும் பொருள் இல்லை. ஆயிலை வருடக்கணக்கில் மாற்றாமல் ஓட்டினால்தான் செயின் நீளும். அப்போது காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி சங்கிலியை உலுக்கினாற்போல 'கரகர' என்று வந்து, ஆயில் பிரஷர் ஏறியதும் அடங்கிவிடும். அந்தச் செயினை மாற்ற இன்ஜினின் முன்கவரையே கழற்றி, மீண்டும் கேஸ்கெட் பசை போட்டு மூட வேண்டும். சாப்பாட்டு நேரத்துக்குள் முடிகிற வேலையா அது?

அப்படியானால் மாற்றியது என்ன? டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் "பழைய டைமிங் பெல்ட்" என்று போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதைக் கையில் எடுத்துப் பார்த்தாலே குட்டு உடைந்துவிடும். உள்பக்கத்தில் நீளவாக்கில், ரயில் தண்டவாளம் போல வரிவரியாகப் பள்ளங்கள். முதுகில் '6பிகே' என்று தொடங்கும் ஓர் எண். 6 என்றால் ஆறு வரி, பின்னால் வருவது மில்லிமீட்டரில் நீளம். ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர், வாட்டர் பம்ப் மூன்றையும் சுற்றும் வெளி பெல்ட் அது. பலர் ஃபேன் பெல்ட் என்பார்கள். டைமிங் பெல்ட்டில் பற்கள் குறுக்குவாட்டில், ஏணிப்படி போல இருக்கும். வெளி பெல்ட்டை மாற்றுவது சுலபம்: டென்ஷனரை ஸ்பேனரால் தள்ளிப் பிடித்துக் கழற்றி மாட்டினால் முடிந்தது. புது பெல்ட்டின் அட்டைப்பெட்டியும் டிக்கியிலேயே கிடந்தது. எம்.ஆர்.பி. 1,450, எல்லா வரிகளும் உட்பட. ஆதாரத்தைத் தாங்களே கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

டிக் டிக் சத்தத்துக்குக் காரணம் டாப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளி. இந்த இன்ஜினில் தானாகச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் இல்லை, ஸ்க்ரூவும் லாக் நட்டும்தான். ஓட ஓட இடைவெளி மாறும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மேல் கவரைக் கழற்றி, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டு ஒவ்வொரு வால்வாக அளந்து திருக வேண்டும். சூட்டோடு அளந்தால் கணக்கு தப்பும். 11 மணிக்கு ஓட்டி வந்த வண்டியில் உடனே டாப்பெட் பார்த்தோம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஹோண்டா ஓட்டுபவர்கள் 40,000 கி.மீ. வாக்கில் ஒருமுறை இதைப் பார்க்கச் சொல்லிக் கேட்பது நல்லது. கூலியும் கவர் கேஸ்கெட்டும்தான் செலவு.

அடுத்த வரி, பவர் ஸ்டீயரிங் ஆயில் 750. இந்த காரில் ஸ்டீயரிங்கைத் திருப்ப உதவுவது மின்மோட்டார். ஆயில் டப்பாவும் இல்லை, பம்ப்பும் இல்லை. எங்கே ஊற்றினார்கள் என்று காட்டச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கும் கீழே, பின்சக்கர டிஸ்க் பேட் 3,200. வண்டியின் பின்னால் இருப்பது டிரம். டிரம்முக்குள் இருப்பது பிரேக் ஷூ, பேட் அல்ல.

வேலை தெரியாமல் செய்த தவறு என்று இதை நினைக்க முடியாது. சர்வீஸ் சாஃப்ட்வேரில் ஒரு 'பேக்கேஜ்' வைத்திருப்பார்கள், எந்த வண்டி வந்தாலும் அதே பட்டியல் பில்லில் இறங்கும். பழைய ஐ-டிஎஸ்ஐ சிட்டியில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு வீதம் எட்டு ஸ்பார்க் பிளக் உண்டு. அந்த எட்டை இந்த நாலு பிளக் வண்டிக்கும் போடும் பில்களும் நடக்கின்றன.

ஆயில் 4.5 லிட்டர், லிட்டர் 850 வீதம் 3,825. ஃபில்டரோடு மாற்றினாலும் இந்த இன்ஜின் கொள்வது சுமார் மூன்றரை லிட்டர். மீதி ஒரு லிட்டர் அடுத்த வண்டிக்குப் போயிருக்கும். இன்ஜினின் உள்ளழுக்கைக் கழுவும் இன்ஜின் ஃப்ளஷ் 1,100: நேரத்துக்கு ஆயில் மாற்றும் வண்டிக்கு அது தேவையே இல்லை.

ஏசி கேஸ் 2,400. ஏசி மூடிய சுற்று. கேஸ் குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடாமல் நிரப்பினால் காசும் சேர்ந்து காற்றில் போகும். முறையாகச் செய்தால் முதலில் நைட்ரஜன் ஏற்றி லீக் பார்ப்பார்கள், பிறகு அரை மணி நேரமாவது வேக்கம் போட்டு உள்ளே உள்ள காற்றை உறிஞ்சி எடுப்பார்கள், கடைசியில் பானட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் கிராம் அளவுக்கு எடை பார்த்து ஆர்134ஏ என்ற ஏசி கேஸை விடுவார்கள். கண்டென்சரையும் கூலிங் காயிலையும் பார்க்காமல் பிரஷர் கேஜை மட்டும் மாட்டி எடுக்கிறவரிடம் கேஸ் போடாதீர்கள்.

வரியிலும் கைவைத்திருக்கிறார்கள். பெல்ட் கிட், ஸ்டீயரிங் ஆயில், டிஸ்க் பேட் மூன்றுக்குமான 13,750 ரூபாய்க்கு 28 சதவீத ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்கள் எல்லாவற்றுக்கும் 18 சதவீதம்தான். இந்த ஒன்றில் மட்டும் 1,375 ரூபாய் அதிகம். எம்.ஆர்.பி. விலையைப் போட்டு அதன் மேல் மறுபடி வரி சேர்ப்பதும் பரவலாக நடக்கிறது, எம்.ஆர்.பி.க்குள்ளேயே வரி அடங்கிவிட்டது. பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் அது யாருடைய எண், உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

மற்ற வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மாருதி சியாஸ் பெட்ரோல், 1.3 டீசல் இரண்டும் செயின். 2011-இல் வந்த ஃப்ளூயிடிக் மாடல் முதல் ஹூண்டாய் வெர்னா 1.6 பெட்ரோல், டீசல் இரண்டும் செயின். ஃபோக்ஸ்வாகன் வென்டோ, ஸ்கோடா ரேபிட் 1.5 டீசலும், நிசான் சன்னி டீசலும் நிஜமாகவே பெல்ட். இவற்றில் மேனுவலில் சொன்ன கெடுவுக்குள் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அது உருண்டு ஓடும் ஐட்லர் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றியே ஆக வேண்டும். அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், ஹெட் வேலை வந்துவிடும். அந்தப் பயத்தைத்தான் செயின் வண்டிக்காரர்களிடம் விற்கிறார்கள்.

வண்டி விடும்போதே ஜாப் கார்டில் "பழைய பாகங்கள் திரும்ப வேண்டும், எஸ்டிமேட் தாண்டினால் போனில் கேட்க வேண்டும்" என்று எழுதி வாங்குங்கள். ஏமாந்துவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், ஜாப் கார்டு, பணம் கட்டிய ரசீது, வேறொரு ஒர்க்‌ஷாப்பில் வாங்கிய எழுத்துப்பூர்வ அறிக்கை எல்லாம் வேண்டும். டிக்கியில் கிடக்கும் அந்தப் பழைய பெல்ட்டையும் புது பெல்ட்டின் அட்டைப்பெட்டியையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.