வராந்தாவில் ஒரு காற்றுப் பெட்டி: டொங்காட்டிலிருந்து ஓராண்டுக் கணக்கு

எங்கள் வீடு தென்னாப்பிரிக்காவின் டொங்காட்டில், டர்பனுக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டர். சுற்றிலும் கரும்பு. ஏப்ரல் வாக்கில் வெட்டு தொடங்கினால் டிசம்பர் வரைக்கும் கரும்பின் காய்ந்த இலையான சோகையை எரிப்பார்கள். கொடியில் காயும் வேட்டியில் கரிச்சுருள் விழாத வாரம் குறைவு. மகனுக்கு ஒன்பது வயது, மூச்சிளைப்பு உண்டு. அவனுக்காகத்தான் போன வருடம் பிஎம் 2.5 என்னும் நுண்துகளை அளக்கும் பெட்டியை வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும் அளவு, உள்ளே இரண்டு லேசர் எண்ணிகள்.

இரண்டு எண்ணி இருப்பது வீண் செலவு என்று நினைக்காதீர்கள். ஜனவரியில் ஒன்று மட்டும் 300 காட்டியது (கன மீட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கு), மற்றது 8. கழற்றிப் பார்த்தேன், காற்று நுழையும் துளையில் சிலந்தி வலை. ஒரே எண்ணி இருந்திருந்தால் பயந்து ஜன்னலை எல்லாம் சாத்தியிருப்பேன்.

முதலில் வராந்தாவில் மாட்டினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எண் தவறாமல் ஏறியது. அத்தை வந்து பார்த்துவிட்டு, "சாமிக்குப் போட்ட சாம்பிராணியையும் எழுதுதாம்மா அது?" என்று கேட்டார். எழுதத்தான் செய்தது. பின்சுவரில், கூரை நிழலில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே மாற்றிய பிறகுதான் தெருக் காற்று கிடைத்தது.

அப்புறம் பெட்டியின் எண்ணைக் கைபேசி வரைபடத்தோடு ஒப்பிட ஆரம்பித்தேன். கைபேசியில் நாம் பார்க்கும் காற்று வரைபடங்கள் பலவற்றுக்கும் அடிப்படை, ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் வளிமண்டலச் சேவை தரும் கணிப்பு. ஐந்து நாளுக்கு முன்கூட்டியே சொல்கிறது. ஆனால் உலகத்தையே சுமார் 40 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகிறது. டொங்காட், பக்கத்து ஊர்களான வெருலம், பாலிட்டோ, கூடவே ஒரு பெரிய கடல் துண்டு, எல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும் அளவு அது. முதல் மாதம் என் ஒப்பீடு எதுவும் சேரவில்லை. காரணம் எளிது: நான் இறக்கிய கோப்பில் இருந்தது கிரீன்விச் நேரம், நம் நேரம் அதைவிட இரண்டு மணி முன்னே. அதைத் திருத்தியதும் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய் விடிகாலை. ஐந்து மணிக்குப் பெட்டியில் 12. ஐந்து நாற்பதுக்கு 146. ஏழு மணிக்கு மறுபடி 20க்குக் கீழ். வரைபடத்தில் அந்தக் காலை முழுக்க 9தான். மகன் அன்று ஆறு மணிக்கே இருமிக்கொண்டு எழுந்தான். வரைபடத்தைக் குறை சொல்ல மாட்டேன். தீ எங்கே எரிகிறது என்பதை அது செயற்கைக்கோள் வழியாகத்தான் தெரிந்துகொள்கிறது. கோள் நாளுக்குச் சில தடவைதான் நம் தலைக்கு மேல் போகும். அரை மணியில் எரிந்து அடங்கும் கரும்புத் தோட்டம் அதன் கண்ணில் படுவது அரிது. பட்டாலும் அந்தப் புகையை 40 கிலோமீட்டர் கட்டம் முழுக்கப் பரப்பினால் என்ன மிஞ்சும்?

அதே பெட்டி செப்டம்பரில் தோற்றது. ஊரே மங்கலாக இருந்தது, பக்கத்தில் எங்கும் தீ இல்லை. பெட்டி 35 என்றது, ஏன் என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை. வரைபடமோ இரண்டு நாள் முன்பே வடக்கிலிருந்து ஒரு பட்டை இறங்கி வருவதைக் காட்டியிருந்தது. சாம்பியா பக்கத்துக் காட்டுத்தீப் புகை தென்கிழக்காக இறங்கி இந்தியப் பெருங்கடலுக்குப் போகும் பாதை இது. 2000 செப்டம்பரில் இதை நேரடியாக அளந்த ஆய்வாளர்கள் 'புகை ஆறு' என்றே பெயர் வைத்தார்கள். அந்த வாரம் நான் நம்பியது வரைபடத்தை.

நம் கடற்கரைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஈரம். காற்றில் ஈரம் ஏறினால் துகள் நீர் குடித்து ஊதும், லேசர் அதை அதிகமாக எண்ணும். இவ்வகைப் பெட்டிகளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு திருத்தம் தந்திருக்கிறது: காட்டும் எண்ணை 0.524ஆல் பெருக்கி, ஈரப்பத சதவீதத்தை 0.0862ஆல் பெருக்கிக் கழித்து, 5.75 கூட்ட வேண்டும். பெட்டி 40 என்று காட்ட, ஈரம் 90 என்றால், விடை 19. அது அமெரிக்கக் காற்றை வைத்துப் போட்ட கணக்கு, நம் கரும்புப் புகைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் திருத்தாத எண்ணைவிட மேல். தென்னாப்பிரிக்காவின் ஒரு நாள் வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம், 2030 முதல் 25. உலகச் சுகாதார நிறுவனம் கேட்பது 15. இவை எல்லாம் 24 மணி நேரச் சராசரிகள், அரை மணி உச்சத்தோடு ஒப்பிடாதீர்கள். அந்தச் செவ்வாய்க்கிழமையின் சராசரி வரம்புக்குள்தான் இருந்தது. என் பிள்ளைக்கு இருமல் வந்ததும் அன்றுதான். இது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இன்னொன்று, கரிச்சுருளை இது எண்ணாது. பெருந்துகள் இந்த லேசருக்குச் சரியாகப் பிடிபடாது. துணி கறுத்த நாளில் எண் குறைவாக இருந்தால் பெட்டி கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம்.

வாங்கலாமா? இளைப்புள்ள பிள்ளை இருக்கும் வீட்டுக்கு, கட்டாயம். இரவில் வரைபடம், விடிகாலையில் பெட்டி, இதுதான் எங்கள் பழக்கம். மெமரி கார்டு உள்ள ரகமாக, பவர் பேங்கில் ஓடுவதாகப் பார்த்து வாங்குங்கள். என்னுடையதில் இரண்டும் கிடையாது, லோட்ஷெட்டிங் என்னும் மின்வெட்டு வந்த மணிநேரமெல்லாம் பதிவில் வெற்றிடம். வெருலத்திலோ ஸ்டாங்கரிலோ யாராவது மாட்டினால் எனக்குச் சொல்லுங்கள். ஒரே காலையில் இரண்டு பெட்டி எந்த வரிசையில் ஏறுகிறது என்று பார்த்தால், புகை எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்.