குன்னூரில் ஒரு பூனை மருத்துவம்

சிறுநீரகம் பழுதான 15 வயதுப் பூனையோடு குன்னூரின் ஒரு சிறிய தனியார் கால்நடை மருத்துவமனைக்கு ஏழு முறை சென்றிருக்கிறேன். ‘ஊசி போட்டு வலியின்றி அனுப்பிவைத்துவிடலாமா?’ என்று நான் கேட்டபோது மருத்துவர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல், வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், நல்ல நாள்கள் ஆகிய ஏழுக்கும் தலா 10 வரை (நிலை நன்றாக இருந்தால் அதிகம், மோசமென்றால் குறைவு) மதிப்பெண் இட்டு வருமாறும், கூட்டுத்தொகை 35-க்குக் கீழே இறங்கினால் மறுபடி பேசலாம் என்றும் தாளில் எழுதிக் கொடுத்தார். (மகிழ்ச்சிக்கு மதிப்பெண் போடுவதுதான் கடினம்.) தோலடியில் சலைன் ஏற்றவும் கற்றுத்தந்தார். கணப்பருகே கிடந்தவள் மத்தி மீனை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட அன்று கூட்டுத்தொகை 19. முதலில் மயக்க ஊசி, அவள் என் கம்பளிச் சால்வைக்குள் உறங்கிய பிறகே அடுத்தது, யாரும் அவசரப்படுத்தவில்லை. குறை என்றால், நாய்கள் குரைக்கும் அதே கூடத்தில்தான் பூனைகளும் காத்திருக்க வேண்டும்.