கார்ல் பார்க்ஸ் தொகுப்பு: ஏழு வருடத்துக்குப் பிறகு

டிஸ்னியின் டொனால்ட் டக் என்ற வாத்தின் காமிக்ஸ் கதைகளை வரைந்த கார்ல் பார்க்ஸின் தொகுப்பு, தாள் கழன்றுபோய்விட்டது. அதை பைண்டிங் செய்து வாங்கி வந்த அன்றே நண்பர் கேட்டார்: "விலை இறங்கியிருக்கே, வாங்கலாமா?" ஏழு வருடமாகக் கூடவே வைத்திருக்கும் புத்தகம். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

என் ஆத்திரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தாள்களைத் தைக்காமல் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். புத்தகம் முழுதாக விரியவே விரியாது. பார்க்ஸின் பக்கம் பெரும்பாலும் நான்கு வரிசை, வரிசைக்கு இரண்டு கட்டம். இடப்பக்கத்தில் ஒவ்வொரு வரிசையின் இரண்டாவது கட்டமும் நடுமடிப்புக்குள் போய்விடுகிறது. அந்தக் கட்டத்தில்தான் கதையின் உயிரே இருக்கிறது. முதல் கட்டத்தில் டொனால்ட் டக் ஒன்றை முழுசாக நம்புவான். அடுத்ததில் அது அவன் தலையிலேயே வந்து விழும். நம்புவது தெரிகிறது, விழுவதைப் பார்க்கக் கட்டைவிரலால் அழுத்த வேண்டியிருக்கிறது. அப்படி அழுத்தி அழுத்தியே தாள்கள் கழன்றன. இப்போது நூல் போட்டுத் தைத்ததில் புத்தகம் கெட்டியாகிவிட்டது, ஆனால் தையல் இன்னும் கொஞ்சம் படத்தை விழுங்கிவிட்டது. இவ்வளவு விலை வைக்கத் தெரிந்தவர்களுக்கு உள்பக்கம் ஒரு விரல் இடம் விடத் தெரியவில்லையே என்று ஒவ்வொரு தடவையும் மனசு கொதிக்கிறது.

ஆனால் படங்கள்! வாத்து முகத்தில் பாதி அலகுதான். மிச்சமிருக்கும் கண்ணையும் முதுகின் வளைவையும் வைத்தே அவமானம், பேராசை, அசட்டு நம்பிக்கை எல்லாவற்றையும் காட்டிவிடுகிறார் மனிதர். தூர தேசக் கதைகளுக்கு நேஷனல் ஜியாகிரபிக் இதழைப் பார்த்து இடங்களை வரைந்தவர் அவர். 1949இல் வந்த ஆண்டிஸ் மலைக் கதையில் வாத்துகள் சதுர முட்டையைத் தேடிப் போகின்றன. மலையும் மூடுபனியும் அவ்வளவு நம்பும்படி இருப்பதால் சதுர முட்டையையும் நம்பிவிடுகிறோம். குழந்தைகளுக்குத்தானே, இது போதும் என்று அவர் கைவிட்ட கட்டம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

1942இல் டிஸ்னி ஸ்டூடியோ வேலையை விட்டவர், 1966இல் ஓய்வு பெறும்வரை வாத்துக் கதைகளை வரைந்துகொண்டிருந்தார். டொனால்டின் கஞ்சப் பணக்கார மாமா அங்கிள் ஸ்க்ரூஜ் அவர் படைத்த பாத்திரம். அப்படியும் அந்தக் கதைகள் வந்த காமிக்ஸ் இதழ்களில் அப்போது அவர் பெயர் வராது. அமெரிக்கப் பிள்ளைகள் வரைந்திருக்கும் கோடுகளை வைத்தே அவரை அடையாளம் கண்டு, 'நல்ல வாத்து ஓவியர்' என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். இதை முதலில் படித்தபோது கொஞ்சம் மிகை என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஒருநாள் என் மகளிடம் வேறொருவர் வரைந்த டொனால்ட் கதையைக் கொடுத்தேன். அவளுக்கு அப்போது ஆறு வயது. இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இந்த வாத்து யோசிக்கவே இல்லப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். தைத்த பைண்டிங்கில் வேறு பதிப்பு வந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். அதுவரை என்னுடையதை இரவல் தருகிறேன், ஆனால் மகளைக் கேட்டுவிட்டுத்தான் தர முடியும்.