3 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர்: பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் வீட்டில் ஒன்றரை வருடம்

முதலிலேயே மார்க் போட்டுவிடுகிறேன், அவசரக்காரர்கள் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். மெஷினுக்கு 5-க்கு மூன்றரை. விற்ற கடைக்கு 2. வயரிங் செய்துகொடுத்த ரிட்டயர்டு வயர்மேனுக்கு 5, இன்னும் கொடுக்கலாம் என்றால் கொடுத்திருப்பேன். கம்பெனி பெயரோ கடை பெயரோ போடவில்லை, குறையும் சொல்லப் போகிறேன் என்பதால். எப்படியும் இந்த அளவு பெட்ரோல் மெஷின் எதை வாங்கினாலும் நான் சொல்வதில் முக்கால்வாசி அதற்கும் பொருந்தும்.

ஏன் வாங்கினோம் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்துவிட்டுப் போன பிறகு எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 22 நாள் ஆனது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது, 150 ஏஎச் பேட்டரி, ஒரு ராத்திரி ஓடியது, அவ்வளவுதான். விளக்கு இல்லாமல் கூட இருந்துவிடலாம், தண்ணீர் இல்லாமல்தான் இருக்க முடியவில்லை. டாட்டா ஏஸ் வண்டியில் பெரிய ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வீடு வீடாக வந்து மேல்தொட்டி நிரப்பிக் கொடுத்தார்கள், அவர்கள் கேட்ட காசைக் கொடுத்தோம். அப்பாவின் இன்சுலினை அம்மா மண்பானைக்குள் ஈர மணல் போட்டு அதில் வைத்துக் காப்பாற்றினார். அப்போதே வாங்க வேண்டும் என்று பேசினோம், வழக்கம்போல கரண்ட் வந்ததும் மறந்துவிட்டோம். 2024-ல்தான் வாங்கினோம், அதுவும் நான் ஊரில் இல்லாமல் அவர்கள் இருவரும் தனியாக இருக்க ஆரம்பித்த பிறகு.

எத்தனை கேவிஏ (ஜெனரேட்டர் எவ்வளவு சுமை தாங்கும் என்ற அளவு, ஏறக்குறைய கிலோவாட் மாதிரி) என்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள், நானும் கிட்டத்தட்ட ஏமாந்தேன். உட்கார்ந்து கூட்டினேன்: ஃபேன் நாலு, ஒன்றுக்கு 75 வாட் என்றால் 300. எல்இடி பல்பு பத்து, 90. ஃபிரிட்ஜ் 150, டிவி 80. போர் மோட்டார் 1 எச்பி, ஓடும்போது ஆயிரத்துச் சொச்சம் வாட் இழுக்கும். எல்லாம் சேர்த்தாலும் 2 கிலோவாட் வரவில்லை, அப்போ 2 கேவிஏ போதும் என்று முடிவு கட்டிவிட்டேன். தப்பு. சப்மெர்சிபிள் மோட்டார் ஓடும்போது 7 ஆம்பியர் எடுத்தால், கிளம்பும் அந்த ஒரு விநாடியில் நாலைந்து மடங்கு கேட்கும். அந்த ஒரு விநாடியை ஜெனரேட்டர் தாங்குமா என்பதுதான் கேள்வி, மற்ற கூட்டல் கழித்தல் எல்லாம் அதற்கப்புறம். இன்னொன்று, அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது மேக்ஸிமம் அளவு. மணிக்கணக்கில் ஓட்டக்கூடிய ரேட்டட் அளவு பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும்.

கடைக்குக் கொடுத்த 2 மார்க்கும் இதற்காகத்தான்: வீட்டுக்கு எடுத்துவந்து மோட்டாரை ஓட்டிக் காட்டினால்தான் காசு என்று சொன்னேன், முகம் சுளித்தாலும் ஒத்துக்கொண்டார்கள். முதலில் கொண்டுவந்தது 2 கேவிஏ இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் (வீட்டு பேட்டரி இன்வெர்ட்டர் இல்லை, இதுவும் பெட்ரோல் மெஷின்தான்). அழகான மெஷின், பெட்டி மாதிரி, சத்தமே கேட்கவில்லை, கையில் தூக்கிவிடலாம். மோட்டார் சுவிட்சைப் போட்டதும் ஓவர்லோடு விளக்கு எரிந்தது, கரண்ட் நின்றது, முடிந்தது கதை. மறுநாள் 3 கேவிஏ, வோல்டேஜைச் சீராக வைக்கும் ஏவிஆர் உள்ளது. அது ஒரு தடவை உறுமி, பல்பெல்லாம் மங்கி, அப்புறம் நிமிர்ந்து மோட்டாரை எடுத்துவிட்டது. பின்னால் வந்த வயர்மேன் மோட்டார் பேனலைத் திறந்து பார்த்து, மோட்டார் கிளம்ப உதவும் ஸ்டார்ட்டிங் கபாசிட்டர் செத்துக்கொண்டிருக்கிறது என்று மாற்றினார். அதன் பிறகு உறுமலும் குறைந்தது. சில நூறு ரூபாய் சமாச்சாரம், ஜெனரேட்டர் வாங்கும் முன்பே பார்த்திருக்க வேண்டியது. உங்கள் மோட்டார் ஒன்றரை எச்பி என்றால் 3 கேவிஏ-வை நம்ப வேண்டாம், 5-க்குப் போய்விடுங்கள்.

டீசல் ஏன் வாங்கவில்லை என்று மாமா இன்றுவரை கேட்கிறார். கிர்லோஸ்கர், மஹிந்திரா எல்லாம் கேட்டுப் பார்த்தேன், கேனபி (சத்தத்தை அடக்கும் மூடு பெட்டி) போட்ட சைலண்ட் செட் சின்னதே 2 லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். 2023 ஜூலையில் புதிய புகைக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து விலை ஏறிவிட்டது என்றும் சொன்னார்கள். தினமும் எட்டு மணி நேரம் ஓட்டுகிற கல்யாண மண்டபத்துக்கு டீசல் சரி. வருடத்தில் பத்துப் பதினைந்து நாள் ஓட்டப்போகும் வீட்டுக்கு அவ்வளவு கனமான இரும்பு எதற்கு? நான் கொடுத்தது 72,000 ரூபாய், சாவி போட்டால் கிளம்பும் மாடல். கயிறு இழுக்கும் மாடல் குறைந்த விலைக்கு இருந்தது. 68 வயது அம்மா மழையில் நின்று கயிறு இழுப்பதை யோசித்துப் பார்த்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சரி, வயரிங். மெஷினைவிட இதைப் பற்றித்தான் எழுத ஆசை.

கடையே ஒருவரை அனுப்பியது. வந்தவர் பத்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, பையிலிருந்து இரண்டு முனையிலும் முள் பிளக் வைத்த ஒயர் ஒன்றை எடுத்தார். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை ஹாலில் உள்ள 15 ஆம்பியர் பிளக் பாயிண்டில், மெயினை மட்டும் மறக்காமல் அணைத்துவிடுங்கள் சார், வீடு முழுக்க எரியும் என்றார். எரியும்தான். மறந்தால் என்ன ஆகும்? நம் வீட்டு 230 வோல்ட் லைனுக்குள் போய், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, அந்தப் பக்கம் 11,000 வோல்ட்டாக வெளியே வரும். புயலுக்கு மறுநாள் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன், லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கை வைப்பார். அதுபோக, ஜெனரேட்டர் ஓடும்போது அந்த ஒயரின் மறுமுனை பிடுங்கிக்கொண்டால் முள் இரண்டும் வெறுமையாகக் கரண்டோடு கையில் இருக்கும். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அப்புறம் கிடைத்தவர்தான் அந்த ரிட்டயர்டு வயர்மேன். அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம், முப்பது வருடம் கம்பம் ஏறிய கை. முந்தைய ஆளின் ஒயர் கதையைச் சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். மீட்டருக்கு அடுத்து சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வைத்தார், மேலே தள்ளினால் இபி, கீழே தள்ளினால் ஜெனரேட்டர், நடுவில் ஆஃப். இரண்டும் ஒரே நேரத்தில் சேர வழியே இல்லை, யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. டபுள் போல் வகைதான் போட வேண்டும், பேஸோடு (கரண்ட் வரும் ஒயர்) நியூட்ரலும் (திரும்பிப் போகும் ஒயர்) சேர்ந்து மாற வேண்டும் என்பதில் கறாராக இருந்தார். எதற்கு என்று பிறகுதான் புரிந்தது. இந்தச் சின்ன ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் தொங்கிக்கொண்டிருக்கும், அப்படியே விட்டால் வீட்டில் உள்ள ஈஎல்சிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) ஷாக் அடித்தாலும் விழாது. அண்ணன் ஜெனரேட்டருக்குத் தனி எர்த் குழி போட்டு, நியூட்ரலை அந்தப் பக்கத்திலேயே எர்த்தோடு கட்டினார். அந்த நியூட்ரல் இபி நியூட்ரலோடு சேரக் கூடாது என்பதற்குத்தான் டபுள் போல். முடித்ததும் ஒரு பல்பை பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்துக் காட்டினார், ஈஎல்சிபி டப்பென்று விழுந்தது. “இதைப் பாக்காம கையெழுத்து போடாதீங்க தம்பி” என்றார். எந்தக் காகிதத்திலும் கையெழுத்து இல்லை, அது அவருடைய பழைய வேலைப் பேச்சு.

ஏசி, கெய்சர், மிக்ஸி பாயிண்ட் எதுவும் ஜெனரேட்டர் பக்கம் வராதபடி பிரித்துவிட்டார். 4 ஸ்கொயர் காப்பர் கேபிள், சுவிட்ச், எர்த் குழி, கூலி, கொல்லையில் தகரக் கொட்டகை, ஒன்றரை அடி உயர சிமெண்ட் மேடை எல்லாம் சேர்த்து 19,000 ஆனது. மெஷின் விலையில் கால் பங்கு என்று அப்பா முனகினார். மேடை உயரத்தை மட்டும் அவர்தான் சொன்னார், கொல்லையில் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

கொட்டகை வீட்டிலிருந்து இருபது அடிக்கு மேல் தள்ளி இருக்கிறது, மூன்று பக்கம் திறந்தது, புகைக்குழாய் வீட்டுக்கு முதுகு காட்டி நிற்கிறது. மழை என்று திண்ணையிலோ மாடிப்படி அடியிலோ வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூங்குகிறவர்கள் அப்படியே போய்விடுவார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பதெல்லாம் பேச்சு.

பொருத்திய முதல் வாரம் ஒரு தலைவலி. ஜெனரேட்டர் ஓடுகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஆனால் இன்வெர்ட்டர் டிக் டிக் என்று மாறி மாறி அடித்துக்கொண்டு பேட்டரியை சார்ஜ் செய்யவே மாட்டேன் என்கிறது. கடையில் கேட்டால் இன்வெர்ட்டர் பழசு, மாற்றுங்கள் என்றார்கள். அண்ணன் வந்து இன்வெர்ட்டரின் பின்பக்கம் இருந்த சின்ன சுவிட்சை யுபிஎஸ் மோடிலிருந்து மற்ற மோடுக்குத் தள்ளினார், நின்றுவிட்டது. யுபிஎஸ் மோடில் வோல்டேஜ் கொஞ்சம் ஆடினாலும் இன்வெர்ட்டர் ஏற்றுக்கொள்ளாது, மெஷின் கரண்டோ ஆடத்தான் செய்யும். மல்டிமீட்டரில் பார்த்தேன், சும்மா ஓடும்போது 238, மோட்டார் ஓடும்போது 212. டிவி, ஃபிரிட்ஜ் எதற்கும் இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

ஓட்டும் விதத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் 24 மணி நேரமும் ஓட்டலாம் என்று நினைத்து வாங்கினால் பெட்ரோல் பங்குக்குத்தான் சொத்து எழுத வேண்டும். காலையில் 2 மணி நேரம், சாயங்காலம் 2 மணி நேரம். முதலில் மோட்டார் மட்டும், மற்ற எல்லாம் ஆஃப். மோட்டார் ஓட ஆரம்பித்த பிறகு ஃபிரிட்ஜ், அப்புறம் இன்வெர்ட்டர் சார்ஜ். தொட்டி நிரம்புகிறது, ஃபிரிட்ஜ் குளிர்கிறது, பேட்டரியும் ராத்திரிக்குத் தேவையான அளவு ஏறிவிடுகிறது. ராத்திரி முழுக்க இன்வெர்ட்டர், மெஷினுக்கு ஓய்வு, பக்கத்து வீட்டுக்காரருக்கும் தூக்கம். மணிக்கு ஒரு லிட்டரும் கொஞ்சமும் குடிக்கிறது, ஆக ஒரு நாளைக்கு ஐந்து லிட்டருக்குள். லிட்டர் 100 ரூபாய், அதில் கிடைப்பது இரண்டு யூனிட் கரண்ட் என்றால் யூனிட் 50 ரூபாய். இபி பில்லைத் திட்டுகிறவர்கள் ஒரு வாரம் இதில் ஓட்டிப் பார்க்கலாம். புயல் அன்று பங்கிலும் கரண்ட் இருக்காது, அதனால் மழைக்காலத்தில் 20 லிட்டர் தகர கேனில் வைத்திருக்கிறோம், வீட்டுக்குள் இல்லை, கொல்லைக் கோடியில். விற்பனைக்கு இல்லாமல் 30 லிட்டர் வரை வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டியதில்லை. சூடான மெஷினில் மட்டும் ஊற்றக் கூடாது, அணைத்துக் கால் மணி நேரமாவது பொறுக்க வேண்டும்.

இனி நான் செய்த முட்டாள்தனம். 2024 ஜூனில் வாங்கினோம், இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பார்த்தோம், உறை போட்டு மூடிவிட்டோம். நவம்பரில் நல்ல மழை, கரண்ட் போய்ப் பத்து மணி நேரம், அம்மா சாவியைத் திருகினால் ஒரு சத்தமும் இல்லை. ஸ்டார்ட்டர் பேட்டரி செத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி வந்து கயிறு இழுத்தான், முப்பது தடவை, கிளம்பவில்லை. டேங்கில் ஐந்து மாதப் பெட்ரோல். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது, அது ஈரத்தை இழுக்கும், நம் ஊர் மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம், கார்புரேட்டர் ஜெட் பிசின் மாதிரி அடைத்துப் போயிருந்தது. கடைக்கு போன் செய்தால் மெக்கானிக் இன்று, நாளை என்று ஒன்பதாம் நாள் வந்தார், அதற்குள் பைக் மெக்கானிக் ஒருவர் 300 ரூபாய்க்குச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டார். கடைக்கு 2 மார்க்குக்கு மேல் ஏன் கொடுக்கவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். மெஷினில் குறைத்த ஒன்றரை மார்க்கில் ஒன்று சத்தத்துக்கு, அரை அந்தக் குட்டி பேட்டரிக்கு. இப்போது மாதம் ஒரு முறை, அமாவாசை அன்று, கால் மணி நேரம் மோட்டாரோடு ஓட்டுகிறார்கள். முடித்ததும் பெட்ரோல் குழாயை அடைத்துத் தானாக நிற்கும்வரை விட்டுவிடுவது, கார்புரேட்டரில் சொட்டு மிச்சம் இருக்காது. ஆயில் முதல் 20 மணி நேரத்தில் ஒரு தடவை மாற்றினோம், இனி 100 மணி நேரத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒன்று.

சோலார் போட்டால் இதெல்லாம் வேண்டாமே என்று சொல்ல வருகிறவர்களுக்கு: எதிர்வீட்டில் 78,000 மானியத்தில் 3 கிலோவாட் போட்டிருக்கிறார்கள். கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து நின்றுவிடும், லைனில் வேலை செய்பவர்களுக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். பேட்டரியோடு போடுவது வேறு கணக்கு. போன மழைக்கு அந்த வீட்டுத் தண்ணீரும் எங்கள் மோட்டாரில்தான் போனது.

கடைசியாக ஓட்டியது போன கார்த்திகையில், 31 மணி நேரம் கரண்ட் இல்லை. சேஞ்ச்ஓவர் பக்கத்தில் அண்ணன் தன் கையெழுத்திலேயே பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார், முதலில் சாவி, மூன்று நிமிடம் சும்மா ஓடட்டும், கைப்பிடியைக் கீழே தள்ளு, மோட்டார், அப்புறம் மற்றது. நான் சென்னையிலிருந்து போனில் வரிவரியாகச் சொல்ல ஆரம்பித்தேன். “எல்லாம் ஓடுதுடா, தொட்டி நெறஞ்சு வழியுது, நீ போனை வை, மோட்டார நிறுத்தணும்” என்றார் அம்மா.