ஸ்டியரிங் கைமாறும் பத்து நொடி: ஜெர்மனி சட்டமா, பிரிட்டன் சட்டமா?

தானே ஓடும் கார் மோதினால் அடிபட்டவருக்கு யார் பணம் கொடுப்பது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிட்டது. ஜெர்மனியில் வண்டியை வைத்திருப்பவர் பொறுப்பு. ஓட்டியது மனிதரா மென்பொருளா என்று சட்டம் பார்ப்பதில்லை, அவருடைய கட்டாயக் காப்பீடு கொடுத்துவிடும். பிரிட்டனில் 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்பீட்டு நிறுவனம் நேரடியாகக் கொடுத்துவிட்டு, பிறகு தயாரிப்பாளரிடம் வசூலித்துக்கொள்ளும். கலிஃபோர்னியாவில் சோதனை ஓட்டத்துக்கு அனுமதி கேட்கும்போதே 50 லட்சம் டாலருக்குக் காப்பீடோ பிணையோ காட்டியாக வேண்டும். வழி வேறு, அடிபட்டவர் கைக்குப் பணம் வந்துசேர்வது ஒன்றே.

தீராமல் இருப்பது வேறு கேள்வி. வழக்கு யார் மேல்? ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் மேலா, அந்த மென்பொருளை எழுதி விற்றவர் மேலா? எந்தச் சட்டம் மேல் என்பதை என் கணக்கில் இந்த ஒரு கேள்விதான் தீர்மானிக்கிறது. அதில் நான் பிரிட்டன் பக்கம்.

இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு கனமானது என்பதை 2018 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி நகரில் நடந்தது காட்டிவிட்டது. ஊபரின் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணியை மோதிக் கொன்றது. காரைத் தானே ஓட்டும் அமைப்பு அவரை மோதுவதற்கு 5.6 நொடி முன்பே கண்டுவிட்டது. ஆனால் அது வண்டியா, சைக்கிளா, வேறு ஏதாவதா என்று மாற்றி மாற்றி வகைப்படுத்திக்கொண்டே போனது. காரில் தயாரிப்பாளர் பொருத்தியிருந்த அவசர பிரேக் வசதி, ஊபரின் அமைப்பு ஓட்டும் நேரத்தில் செயல்படாதபடி அணைக்கப்பட்டிருந்தது. நிறுவனத்தின் மேல் குற்ற வழக்குக்கு அடிப்படை இல்லை என்று 2019இல் அரசு வழக்கறிஞர் முடிவு சொன்னார். சம்பளத்துக்கு அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தவர் 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று ஆண்டு கண்காணிப்புத் தண்டனை பெற்றார். அவர் சாலையைப் பார்க்காமல் இருந்தது தவறுதான். அணைத்து வைத்த பிரேக் அவருடைய முடிவு அல்ல.

அது சோதனை வண்டி. கடையில் விற்பனைக்கு வந்த வண்டிக்கு வருவோம்.

ஐ.நா. வாகன விதி எண் 157 நெடுஞ்சாலையில் தானே ஓடும் அமைப்புக்கானது. அதன்படி, சமாளிக்க முடியாத நிலை வருகிறது என்று தெரிந்தால் வண்டி ஓட்டுநரைக் கூப்பிட வேண்டும். குறைந்தது பத்து நொடி காத்திருந்து, அவர் வரவில்லையென்றால் மெல்ல வேகம் குறைத்துத் தானே நிற்க வேண்டும். மெர்சிடீஸின் டிரைவ் பைலட் என்ற தானோட்ட அமைப்பு இந்த விதியின் கீழ் 2021 டிசம்பரில் ஜெர்மனியில் ஒப்புதல் பெற்றது. முதலில் மணிக்கு 60 கி.மீ. வரை, 2024 கடைசியில் 95 கி.மீ. வரை. 95இல் போகும்போது பத்து நொடியில் வண்டி சுமார் 264 மீட்டர் ஓடிவிடும். மடியில் மடிக்கணினியோடு இருப்பவர் நிமிர்ந்து, கண்ணாடிகளைப் பார்த்து, பக்கத்துத் தடத்தில் யார் என்று புரிந்துகொண்டு ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்குள் முக்கால்வாசித் தூரம் போயிருக்கும். அந்த 264 மீட்டருக்குள் மோதினால் ஓட்டியது யார்?

ஜெர்மனி சொல்வது

2017இல் ஜெர்மனி தன் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தியது. அமைப்பு ஓட்டும்போது ஓட்டுநர் வேறு வேலை பார்க்கலாம், ஆனால் கூப்பிட்டால் உணரும் நிலையில் இருக்க வேண்டும். இதுவரை சரி. சிக்கல் அடுத்த வரியில் இருக்கிறது. வண்டி கூப்பிட்டால் உடனே வாங்கிக்கொள்ள வேண்டும். கூப்பிடாவிட்டாலும், அமைப்பு இனி சரியாக ஓடாது என்பது வெளிப்படையாகத் தெரியும் சூழ்நிலையிலும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எது வெளிப்படை? கடும் மூடுபனி வெளிப்படை. முன்னால் டயர் வெடித்துச் சாலையில் கிடக்கும் ரப்பர்த் துண்டு? ஆம்புலன்ஸ் சைரன் தூரத்தில் மெலிதாகக் கேட்பது? நிமிர்ந்து பார்த்திருந்தால்தான் வெளிப்படை. ஆனால் நிமிர்ந்து பார்க்க வேண்டாம் என்றுதானே அனுமதித்தது அதே சட்டம்? வழக்கு வந்தால் ‘உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்’ என்ற வாதத்துக்கு இந்த வரி கதவைத் திறந்து வைக்கிறது. அந்த வாதம் பாயப்போவது இருக்கையில் இருப்பவர் மேல்.

ஓட்டுநரே இல்லாத வண்டிக்கு ஜெர்மனி 2021 ஜூலையில் தனிச் சட்டம் கொண்டுவந்தது. முன்கூட்டி ஒப்புதல் பெற்ற பகுதிக்குள் மட்டும் ஓடலாம். தொலைவிலிருந்து ‘தொழில்நுட்பக் கண்காணிப்பு’ செய்யும் ஒரு மனிதர் இருக்க வேண்டும். வண்டி குழம்பி நின்றால் அது முன்வைக்கும் மாற்று வழிக்கு அனுமதி தருவதும், தேவைப்பட்டால் வண்டியை முடக்குவதும் அவர் வேலை. தினமும் புறப்படுமுன் விரிவான சோதனை, 90 நாளுக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை. பேருந்துக் கழகம் போன்ற பெரிய அமைப்பு இதைத் தாங்கும். நாலு வேன் வைத்திருப்பவருக்குச் செலவு கட்டுபடியாவது கஷ்டம்.

பிரிட்டன் சொல்வது

பிரிட்டனின் தானியங்கி வாகனச் சட்டம் 2024 மே 20 அன்று அரச ஒப்புதல் பெற்றது. அதற்கு முன் இரண்டு சட்ட ஆணையங்கள் மூன்று சுற்று மக்கள் கருத்துக் கேட்டு 2022 ஜனவரியில் அறிக்கை கொடுத்திருந்தன. அந்த உழைப்பு சட்டத்தில் தெரிகிறது.

சட்டம் இருக்கையில் இருப்பவரை ‘பொறுப்பிலுள்ள பயனர்’ என்று பெயரிட்டுப் பிரிக்கிறது. அமைப்பு ஓட்டும் நேரத்தில் வேக மீறல், சிவப்பு விளக்குத் தாண்டல், ஆபத்தான ஓட்டம் போன்று வண்டி ஓடிய விதத்தால் எழும் குற்றம் எதுவும் அவரைச் சேராது. வண்டி கூப்பிட்டு, அதற்கென்று ஒப்புதலில் குறிப்பிட்ட நேரம் முடியும்வரை இந்தப் பாதுகாப்பு நீடிக்கும். அந்த நேரம் முழுக்க வண்டி பத்திரமாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதும், பயனர் வராவிட்டால் அதைச் சமாளிக்க வேண்டும் என்பதும் ஒப்புதலுக்கான நிபந்தனை. அழைப்பு வந்ததா, நேரம் முடிந்ததா என்று பார்த்தால் போதும். ‘தெரிந்திருக்க வேண்டும்’ என்ற வழுக்கு நிலத்துக்குள் நீதிமன்றம் போக வேண்டியதில்லை. நான் பிரிட்டன் பக்கம் சாய்வது இதற்காகத்தான்.

பயனருக்கு எல்லாமே விடுதலை என்று நினைத்துவிடக் கூடாது. உரிமம் வேண்டும், குடித்திருக்கக் கூடாது, அழைப்பு வந்தால் உணரும்படி இருக்க வேண்டும், ஆகவே தூங்க முடியாது. காப்பீடு, டயர் தேய்மானம், பார்க்கிங், குழந்தைகளின் சீட் பெல்ட் எல்லாம் அவர் தலையில்தான்.

மறுபக்கத்தில் நிற்பது ‘அங்கீகரிக்கப்பட்ட தானோட்ட நிறுவனம்’. வண்டி ஓடும் விதத்துக்கு அதுதான் பதில் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் நற்பெயரும் நிதிநிலையும் ஒப்புதலுக்கு முன்பே பார்க்கப்படும். கவனமும் திறமையும் உள்ள மனித ஓட்டுநருக்கு இணையாகவோ மேலாகவோ வண்டி ஓட வேண்டும் என்பது அளவுகோல். பாதுகாப்புத் தகவலை மறைத்தாலோ பொய் சொன்னாலோ குற்றம். நிறுவனம் முன்கூட்டியே பெயர் கொடுத்திருக்கும் ஓர் அதிகாரியும் அதற்குச் சிறை போகலாம். டெம்பியில் இல்லாமல் போனது இதுதான்.

குறையும் உண்டு. வண்டி சிவப்பு விளக்கைத் தாண்டினால் நிறுவனத்தின் மேல் வருவது ஒழுங்குமுறை நடவடிக்கை: அபராதம், ஒப்புதல் நிறுத்தம், ரத்து. ஆபத்தான ஓட்டத்துக்கு மனித ஓட்டுநர் மேல் வரும் அதே குற்றச்சாட்டு வராது. பலியானவரின் குடும்பத்துக்கு இது போதாது என்று தோன்றினால் அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வருவதற்கு அரசு வைத்திருக்கும் இலக்கே 2027இன் இரண்டாம் பாதி. நீதிமன்றத்தில் அடிபட்டுத் தேறாத சட்டம் என்பதையும் கணக்கில் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

பதிவு யார் கையில்?

பத்து நொடிக்குள் யார் ஓட்டினார் என்பதை நிரூபிக்கப் பதிவு வேண்டும். மோதலைப் பதியும் கறுப்புப் பெட்டி இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் புதுக் கார்களில் கட்டாயம். ஆனால் அது வேகத்தையும் பிரேக்கையும் மோதலுக்கு முந்தைய ஐந்து நொடிக்குத்தான் வைத்திருக்கும். கைமாறும் நேரமோ பத்து நொடி. பாதி விடுபட்டுப் போகிறது. அதனால்தான் விதி 157 தனியாக இன்னொரு பதிவைக் கேட்கிறது. அமைப்பு இயங்கியது, அணைந்தது, ஓட்டுநரைக் கூப்பிட்டது, அவசரமாக விலகியது எல்லாம் நேர முத்திரையோடு ஏறும். 2,500 பதிவுகளுக்கு இடம் இருக்க வேண்டும், அது ஏறக்குறைய ஆறு மாத ஓட்டத்துக்குச் சமம். நேரத்தின் துல்லியம் ஒரு நொடி. 95 கி.மீ. வேகத்தில் ஒரு நொடி என்பது 26 மீட்டர். கடைசி நொடியில் மனிதர் பிரேக்கை மிதித்துவிட்டார் என்று நிறுவனம் வாதாடினால் இந்தத் துல்லியம் போதாது.

இந்த ஒரு விஷயத்தில் ஜெர்மனி முந்துகிறது, ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டுப்பாடு கைமாறிய இடமும் நேரமும் சேமிக்கப்பட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. விபத்தில் உரிமை கோருபவருக்கு அந்தப் பதிவு போய்ச்சேர வண்டியை வைத்திருப்பவர் ஏற்பாடு செய்ய வேண்டும். ஆறு மாதத்தில் அழிக்க வேண்டும், விபத்தில் சிக்கிய வண்டியென்றால் மூன்று ஆண்டில். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. சைக்கிள்காரரை உரசிவிட்டு வண்டி அறியாமலே போய்விட்டால் அது ‘விபத்தில் சிக்கிய வண்டி’ என்று யாருக்கும் தெரியாது, ஆறு மாதத்தில் பதிவு போய்விடும். பிரிட்டனின் சட்ட ஆணையங்கள் இதை யோசித்து 39 மாதம் வைக்கச் சொன்னார்கள். காய இழப்பீட்டு வழக்குக்கான காலவரம்பு மூன்று ஆண்டு, அதன்மேல் மூன்று மாதம். அந்த 39ஐ நடைமுறை விதிகளில் அப்படியே எழுத வேண்டும். குறைத்தால் சட்டத்தின் பாதிப் பலம் போய்விடும்.

கலிஃபோர்னியாவை இந்த இடத்தில்தான் நான் கீழே வைக்கிறேன். அங்கே போக்குவரத்துத் துறை ஒரு அனுமதி, பொதுப் பயன்பாட்டு ஆணையம் இன்னொரு அனுமதி. இரண்டும் நிறுவனம் தரும் அறிக்கையை நம்பி நிற்கின்றன. 2023 அக்டோபர் 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில் வேறொரு கார் மோதித் தூக்கியெறிந்த பெண்மணி குரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநரில்லா டாக்சியின் முன்னே விழுந்தார். வண்டி மோதி நின்றது. பிறகு ஓரமாக ஒதுங்கப் பார்த்து அவரைச் சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. இழுத்த பகுதி ஆரம்பத்தில் அதிகாரிகளுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை என்பதே பிறகு அனுமதி நிறுத்தத்துக்கும் அபராதங்களுக்கும் காரணமானது. புளோரிடாவில் டெஸ்லாவுக்கு எதிராக 2025 ஆகஸ்டில் தீர்ப்பு வந்த வழக்கிலும் இதே கதை. நிறுவனம் தன்னிடம் இல்லை என்ற தரவை வழக்குத் தொடுத்தவர்கள் அமர்த்திய நிபுணர் வண்டியின் கணினியிலிருந்து மீட்டெடுத்தார். ஜூரி 33 சதவீதப் பொறுப்பை நிறுவனத்தின் மேல் வைத்தது.

எந்த நாட்டில் இருந்தாலும் இப்படி ஒரு வண்டி சம்பந்தப்பட்ட விபத்தில் அடிபட்டவர் செய்ய வேண்டியது இது. மோதிய நேரத்தைக் கைப்பேசி நேரப்படி நிமிடத்தோடு குறிக்கவும். டாஷ்போர்டு திரை எரிந்துகொண்டிருக்கும்போதே படம் எடுக்கவும். பதிவுகளை அழிக்காமல் வைக்கும்படி தயாரிப்பாளருக்கும் வண்டியை வைத்திருப்பவருக்கும் முதல் வாரத்திலேயே எழுத்தில் கேட்கவும். ஏர்பேக் விரிந்த மோதலின் பதிவு பூட்டப்படும். விரியாத மோதலின் பதிவை அடுத்த குலுக்கல் மேலெழுதிவிடக்கூடும், ஆகவே வண்டியை ஓட்டிப் பணிமனைக்குக் கொண்டுபோக விடாமல் இழுவை வண்டியில் ஏற்றச் சொல்ல வேண்டும். வண்டியின் சொந்தக்காரருக்கு ஒன்று: பாதுகாப்பு மென்பொருள் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். தெரிந்தே அதைப் போடாமல் விட்டால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பைக் குறைத்துக்கொள்ள பிரிட்டனின் 2018 சட்டம் இடம் தருகிறது.

இந்தியாவில் நிலைமை பாதி ஜெர்மனி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவில் தவறு யாருடையது என்று பார்க்காமல் உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் உரிமையாளரோ காப்பீட்டு நிறுவனமோ தர வேண்டும். புதுத் தொழில்நுட்ப வாகனங்களுக்கு விலக்கு அளிக்க 2019இல் சேர்த்த 2பி பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் கைதாகப்போவது இருக்கையில் இருந்தவர்தான், அமைப்பை விற்றவர் அல்ல. இங்கே பிரிட்டனின் பாதுகாப்பைத்தான் கடன் வாங்க வேண்டும். பதிவு வைக்கும் காலத்தையும் ஆறு மாதமாக எழுதிவிடக் கூடாது. 166ஆம் பிரிவின் கீழ் தீர்ப்பாயத்தில் மனு போட நம் சட்டம் தரும் அவகாசமும் விபத்து நடந்த நாளிலிருந்து அதே ஆறு மாதம்தான். மனு ஏறும் வாரத்திலேயே வண்டியின் நினைவகம் காலியாகியிருக்கும்.