இலக்கண விளக்கம் வீட்டிலா, வகுப்பிலா?

ஆங்கில இலக்கண வகுப்பு எப்படி நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர் பலகையில் விதியை எழுதுவார், நாலு உதாரணம் சொல்வார், "புரிஞ்சுதா?" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். கோடிட்ட இடங்களை வீட்டில் நிரப்பிக்கொண்டு வரவேண்டும். தலைகீழ் வகுப்பறையில் இந்த வரிசை மாறிவிடுகிறது. விளக்கத்தை வீட்டில் வீடியோவாகப் பார்க்கிறார்கள்; பயிற்சி வகுப்பில் நடக்கிறது. 2007 வாக்கில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள், வகுப்புக்கு வர முடியாத மாணவர்களுக்காகப் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். இந்த முறை பரவியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

வேதியியல் சரி, இலக்கணத்துக்கு? நான் பார்ப்பது ஒன்றைத்தான்: மாணவர் தப்பு செய்யும் நேரத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

பிரசன்ட் பெர்ஃபெக்டை எடுத்துக்கொள்வோம். 'ஹேவ்', அதன் பின்னால் வினையின் மூன்றாம் வடிவம். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் 'நேற்றே பார்த்திருக்கிறேன்' என்று தமிழில் சொல்லிப் பழகியவர், "ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே" என்று கூசாமல் எழுதுவார். 'எஸ்டர்டே' என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ஆங்கிலத்தில் அங்கே 'ஹேவ்' வராது. பழைய முறையில் இந்தத் தப்பு இரவு பத்து மணிக்கு, நோட்டில், தனியாக நடக்கிறது. திருத்தம் மூன்று நாள் கழித்துச் சிவப்பு மையில் வருகிறது. அதற்குள் தப்பு பழகிவிடும்.

தலைகீழ் வகுப்பில் இருவர் இருவராகப் பேசுகிறார்கள். "ஹேவ் யூ எவர் மிஸ்டு எ டிரெயின்?" என்று ஒருவர் கேட்கிறார். "யெஸ், ஐ ஹேவ். ஐ ஹேவ் மிஸ்டு ஒன் லாஸ்ட் இயர்" என்கிறார் மற்றவர். பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் "லாஸ்ட் இயரா?" என்று புருவத்தை உயர்த்தினால் போதும், "ஐ மிஸ்டு ஒன்" என்று அவரே திருத்திக்கொள்கிறார். அனுபவத்தைப் பிரசன்ட் பெர்ஃபெக்டில் தொடங்கி, விவரத்துக்கு சிம்பிள் பாஸ்டுக்குத் தாவுவதுதான் இந்தப் பாடத்தின் உயிர். அது பேசிப் பேசித்தான் வரும்.

வீடியோவுக்கு இன்னொரு வசதி உண்டு. "மறுபடி சொல்லுங்க" என்று வகுப்பில் மூன்றாவது தடவை கேட்க யாருக்கும் தைரியம் வராது. வீடியோ அலுத்துக்கொள்ளாது. ஆனால் எதிரில் இருப்பவர் முகம் சுருங்குவது அதற்குத் தெரியாது. பழைய முறை ஜெயிக்கும் இடம் இது. முகத்தைப் பார்த்ததும் உதாரணத்தை மாற்றும் ஆசிரியருக்கு ஈடான வீடியோ கிடையாது. அதனால்தான் 'எ', 'தி' பாடத்தை நான் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். இங்கே ஏன் 'தி', அங்கே ஏன் இல்லை என்று வாக்கியத்துக்கு வாக்கியம் கேள்வி வரும். காலங்கள், செயப்பாட்டு வினை போன்ற வடிவப் பாடங்களைத் தாராளமாக அனுப்பலாம்.

தலைகீழ் முறையின் பெரிய ஓட்டை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பாதிப் பேர் பார்க்காமல் வருவார்கள். அவர்களுக்காக ஆசிரியர் மறுபடி விளக்கினால் கதை முடிந்தது. பார்த்தவர்கள் ஏமாளிகள் ஆகிறார்கள், அடுத்த வாரம் யாரும் பார்க்க மாட்டார்கள். வகுப்பு தொடங்கியதும் இரண்டே கேள்வி கொடுத்துப் பார்க்கலாம். விழிப்பவர்கள் ஒரு மூலையில் உட்கார்ந்து வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து சேர்ந்துகொள்ளட்டும். (இருபது நிமிட வீடியோ என்றால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானே பார்க்க மாட்டேன். ஐந்தாறு நிமிடம் போதும்.)

வீட்டில் நெட்டோ, தனி போனோ இல்லாதவர்கள் நிறைய இருந்தால் அந்த மூலையையே திட்டமாக்கிவிடலாம். வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு வீடியோ பார்க்க, ஒரு குழு எழுத, ஒரு குழு ஆசிரியரோடு பேச, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். பேசும் நேரம் கொஞ்சம் குறையும்தான். ஆனால் பார்க்காமல் வந்தவர் என்று யாரும் இருக்க மாட்டார்கள்.