பழைய தமிழ் நூலை இணையத்தில் எங்கே தேடுவது? மதுரைத் திட்டம் முதல் விக்கிமூலம் வரை

பழைய தமிழ் நூல் ஒன்றை இணையத்தில் தேடி வருபவர் பெரும்பாலும் மூன்று நிலைகளில் ஒன்றில் இருப்பார். பாட்டின் ஓரடி மட்டும் நினைவில் இருக்கும், அது எந்த நூலைச் சேர்ந்தது என்பது தெரியாது. அல்லது நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் தெரிந்திருக்கும், குறிப்பிட்ட ஒரு பதிப்பைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டியிருக்கும். அல்லது ஓர் ஊரில், ஒரு காலகட்டத்தில் என்னென்ன அச்சாகின என்று துழாவிப் பார்க்க வேண்டியிருக்கும். இம்மூன்று தேவைகளுக்கும் ஒரே தளம் ஈடுகொடுப்பதில்லை. ஆயினும் ஏதோ ஒரு தளத்தைப் பழகிக்கொண்டு, அங்கே கிடைக்காத நூல் இணையத்திலேயே இல்லை என்று முடிவுகட்டிவிடும் வழக்கம் ஆய்வு மாணவர்களிடையே கூட இருக்கிறது. எனவே இத்தளங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுடையது. நான் கொள்ளும் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிடைத்த பாடம், அதாவது நூலின் மூலவரிகள், எந்த அச்சுப் பதிப்பிலிருந்து வந்தது என்பதை அந்தத் தளத்தை விட்டு வெளியேறாமல் சரிபார்க்க முடிகிறதா என்பதே அது.

எழுத்துவடிவில், அதாவது தட்டச்சு செய்யப்பட்ட பாடமாக, நூல்களைத் தரும் தளங்களில் மூத்தது மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் வாழும் வேதியியல் அறிஞர் கல்யாணசுந்தரத்தின் முயற்சியில் 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய இத்திட்டம், இன்றுவரை முழுக்கத் தன்னார்வலர் உழைப்பில் நடந்துவருகிறது. ஒருங்குறி (யூனிகோட்) பரவலாகாத அந்த நாளில் தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துரு இருந்தது. ஒருவர் தட்டச்சு செய்ததை இன்னொருவர் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்தச் சூழலில் தொடங்கி, டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தைக் கடந்து, பின்னர் ஒருங்குறிக்கு மாறி, நூற்றுக்கணக்கான நூல்களை இலவசமாக வழங்கியிருப்பது சிறிய செயலன்று. அதன் முதல் எண்ணுக்குரிய நூல் திருக்குறள். ஒவ்வொரு கோப்பிலும் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகியோருக்கு நன்றி கூறப்பட்டிருக்கும். சென்னையிலும் சிங்கப்பூரிலும் ஐரோப்பாவிலும் இருந்துகொண்டு, ஒருவரையொருவர் நேரில் பார்க்காதவர்கள் சேர்ந்து ஒரு புராணத்தைக் காண்டம் காண்டமாகப் பிரித்து உள்ளிட்ட கதை அந்தச் சில வரிகளில் அடங்கியிருக்கிறது.

இதற்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டியது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பழைய நூலகப் பகுதி. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் விளைவாக, 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய நிறுவனம் இது. மதுரைத் திட்டத்தில் ஒரு நூல் பெரும்பாலும் ஒரே நீண்ட பக்கமாகக் கிடைக்கும். கல்விக்கழகத் தளத்திலோ பாட்டு வேறு, உரை வேறு எனக் கூறு கூறாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சங்க நூலையோ காப்பியத்தையோ உரையோடு படிக்க விரும்பும் மாணவருக்கு இரண்டாவதே உதவும். அகராதிகளும் அங்கேயே இருப்பதால், பாட்டில் ஒரு சொல் தடுக்கினால் வேறிடம் போக வேண்டியதில்லை. ஆனால் நினைவில் உள்ள ஓரடியைக் கொண்டு நூலைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு மதுரைத் திட்டமே கைகொடுக்கிறது. ஒரே பக்கத்தில் முழு நூலும் இருப்பதால் பொதுத் தேடுபொறிகளுக்கும் அது எளிதில் அகப்படுகிறது. கோப்பை இறக்கி வைத்துக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாமலும் தேடலாம்.

இந்தத் தேடலில் பலரும் சறுக்கும் இடம் புணர்ச்சி, அதாவது சொற்கள் சேரும்போது எழுத்துகள் மாறும் சந்தி. நம் நினைவில் பாட்டு பெரும்பாலும் பதம் பிரித்த வடிவில் இருக்கிறது. தளத்தில் உள்ள பாடமோ சீர் பிரித்து, சந்தி சேர்த்து அச்சான பதிப்பைப் பின்பற்றியிருக்கலாம். ‘நெஞ்சு’ என்ற சொல் ‘நெஞ்சே’ என்றும் ‘நெஞ்சினை’ என்றும் ‘நெஞ்சத்து’ என்றும் திரிந்து நிற்பதோடு, அடுத்த சீரின் முதலெழுத்தையும் தன்னோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே முழு அடியையும் மேற்கோள்குறிக்குள் இட்டுத் தேடுவதைவிட, சந்தியால் மாறாத நடுச்சொல் இரண்டைத் தேர்ந்து தேடுவது பலன் தரும். இது எந்தத் தளத்தின் குற்றமும் அன்று, தமிழின் இயல்பு.

எழுத்துவடிவத் தளங்கள் இரண்டிலும் என் அளவுகோல் முழுதாக நிறைவேறுவதில்லை. அடிப்படையான பதிப்பு எதுவென்று சில கோப்புகளில் தெளிவாகக் குறித்திருக்கிறார்கள், சிலவற்றில் இல்லை. குறித்திருந்தாலும் அந்தப் பதிப்பின் பக்கம் நம் கண்முன் இல்லை. புறநானூற்றை எடுத்துக்கொள்வோம். உ.வே. சாமிநாதையர் 1894இல் அதை முதன்முதலாகப் பதிப்பித்தபோது, 266ஆம் பாட்டு வரை மட்டுமே கிடைத்த பழைய உரையோடு வெளியிட்டார். அந்த உரையில் ஒரு சொல்லுக்குப் பாடவேறுபாடு (சுவடிக்குச் சுவடி மாறும் வடிவம்) காட்டப்பட்டிருக்கிறதா, அடிக்குறிப்பில் என்ன இருக்கிறது, முன்னுரையில் சுவடிகளைப் பற்றி என்ன சொல்கிறார் என்பவற்றையெல்லாம் தட்டச்சுப் பாடத்தைக் கொண்டு அறிய முடியாது. மேற்கோள் காட்டுவதற்கு முன் அச்சுப் பக்கத்தையே பார்த்தாக வேண்டும். இங்கேதான் ஸ்கேன் செய்த நூல்களைத் தரும் தளங்கள் தேவைப்படுகின்றன.

அவற்றுள் முதன்மையானவை இரண்டு: கல்விக்கழகமே 2017இல் திறந்த தமிழ் மின்னூலகம், அமெரிக்காவில் 1996இல் புரூஸ்டர் கேல் நிறுவிய இன்டர்நெட் ஆர்க்கைவ். முன்னதில் நூல்கள், பருவ இதழ்கள், சுவடிகள் எனப் பகுத்து வைத்திருக்கிறார்கள். தலைப்பும் ஆசிரியர் பெயரும் தமிழ் எழுத்திலேயே பதிவாகியிருப்பதால் தமிழில் தட்டச்சு செய்தே தேடலாம். இந்த வசதி எவ்வளவு பெரியது என்பது பின்னதற்குள் நுழைந்த பிறகுதான் விளங்கும். இந்தியாவில் மத்திய அரசின் ஆதரவோடு நடந்த டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா திட்டத்தில் ஸ்கேன் செய்யப்பட்ட ஏராளமான தமிழ் நூல்களின் படிகள் இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கின்றன. ஆனால் அவற்றின் தலைப்புகளைத் தமிழ் அறியாதவர்களோ அவசரக்காரர்களோ ரோமன் எழுத்தில் பதிந்து வைத்திருப்பதால், புதையல் இருக்கும் இடத்துக்கு வழி தெரியாத நிலைதான். ழகரத்துக்கு ஓரிடத்தில் ஓரெழுத்து, இன்னோரிடத்தில் ஈரெழுத்து. ஆசிரியர் இருக்க வேண்டிய இடத்தில் பதிப்பாளர். சில நூல்களுக்குத் தலைப்பே இல்லை. ஆய்வுலகின் எழுத்துப்பெயர்ப்பு முறையோ சகரத்துக்கு ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்தை இடுகிறது. ஆகவே சாமிநாதையரைத் தேடுபவர் அவர் பெயரைக் குறைந்தது நான்கு விதமாக எழுதிப் பார்க்க வேண்டியிருக்கும்.

இருந்தும் இன்டர்நெட் ஆர்க்கைவை நான் ஒதுக்கிவிட மாட்டேன். ஒரே நூலின் இரண்டு மூன்று பதிப்புகள் அங்கே தற்செயலாகக் கிடைத்துவிடுவது உண்டு. ஒரு ஸ்கேனில் விடுபட்ட பக்கம் மற்றொன்றில் இருக்கும். பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் வசதியும், முழு நூலையும் பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளும் வசதியும் இலகுவானவை. நூற்பட்டியலின் ஒழுங்கில் தமிழ் மின்னூலகம் மேல், கிடைக்கும் பதிப்புகளின் பெருக்கத்தில் ஆர்க்கைவ் மேல் என்பது என் மதிப்பீடு. முதலில் மின்னூலகத்தில் தேடி, நூலின் சரியான பெயர், பதிப்பகம், ஆண்டு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு ஆர்க்கைவுக்குப் போனால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

இந்த இரண்டிலும் கிடைக்காத பழைய இதழ்களுக்கு இன்னமும் சென்னைத் தரமணிக்கு நேரில்தான் போக வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதன் வழியே 1994இல் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அங்கே இருக்கிறது. அதன் நூற்பட்டியலை இணையத்தில் பார்த்து, வேண்டியவற்றைக் குறித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

தேடும் பொருள் இலங்கையைச் சார்ந்தது என்றால் மேலே சொன்ன வரிசை முழுதும் மாறிவிடும். அங்கே முதலிடமும் கடைசியிடமும் நூலகம் என்ற பெயரிலேயே இயங்கும் தளத்துக்குத்தான். 2005இல் இலங்கைத் தமிழ்த் தன்னார்வலர்கள் தொடங்கிய இத்தளம் இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களைக் கொண்டிருக்கிறது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. பின்னர் போரும் இடப்பெயர்வும் வீட்டு அலமாரிகளில் இருந்தவற்றையும் தின்றன. அந்தப் பின்னணியை அறிந்தால், பள்ளிக்கூட ஆண்டுமலர், கோயில் கும்பாபிஷேக மலர், நினைவு மலர், ஊர்ச் சங்கத்தின் துண்டுப் பிரசுரம் என்று மற்ற தளங்கள் தொடவே தொடாதவற்றையும் இவர்கள் ஏன் சேர்க்கிறார்கள் என்பது விளங்கும். ஒருவரின் அந்தியேட்டியின்போது (இறந்தவருக்குச் செய்யும் சடங்கு) வெளியிடப்பட்ட நினைவு மலரில் அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறை வரலாறும், சில வேளைகளில் ஊரின் வரலாறும் இருக்கும். அதை இலக்கியம் என்று எவரும் எண்ணார். வரலாற்று ஆய்வாளருக்கோ அது பொன்.

இத்தளத்தின் சிறப்பு அதன் பதிவுமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் நூலக எண் ஒன்று உண்டு. ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, பக்கங்கள் ஆகிய விவரங்களின் கீழ், பெரும்பாலான நூல்களுக்கும் இதழ்களுக்கும் பொருளடக்கமே தட்டச்சு செய்து சேர்க்கப்பட்டிருக்கிறது. டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய மல்லிகை இதழில் ஒருவர் எழுதிய கட்டுரையைத் தேடுகிறீர்கள் என்று கொள்வோம். இதழ் எது, மாதம் எது என்று தெரியாவிட்டாலும், கட்டுரைத் தலைப்பின் ஒரு சொல்லைக் கொண்டு அந்த இதழை எட்டிவிடலாம். ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படந்தான், அதற்குள் தேட முடியாது என்ற குறையை இந்தப் பொருளடக்கம் பெருமளவு ஈடுசெய்கிறது. தமிழ்நாட்டு இதழ்களை ஏற்றியிருக்கும் தளங்கள் இந்த ஒரு பழக்கத்தையாவது கைக்கொண்டிருந்தால் எத்தனை பேரின் எத்தனை மாத உழைப்பு மிச்சமாகியிருக்கும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. ஒரு குறிப்பு: உரிமை இன்னும் ஆசிரியரிடமோ குடும்பத்தாரிடமோ இருக்கும் நூல்களுக்கு அனுமதி பெற்றே வெளியிடுகிறார்கள் என்பதால், விவரம் மட்டும் இருந்து நூலைத் திறக்க இயலாத பதிவுகளும் உண்டு. இந்தியச் சட்டத்தில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரையும், இலங்கைச் சட்டத்தில் 70 ஆண்டுகள் வரையும் உரிமை நீடிக்கிறது.

இனி, எழுத்துவடிவமா ஸ்கேனா என்ற பிரிவையே தாண்டி நிற்கும், விக்கிப்பீடியாவின் துணைத் தளமான தமிழ் விக்கிமூலத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் எழுத்தாளர் நூல்களின் உரிமையை அரசே பெற்றுப் பொதுவாக்கும், அதாவது நாட்டுடைமையாக்கும், வழக்கம் 1949இல் பாரதியார் படைப்புகளிலிருந்து தொடங்குகிறது. அப்படி நாட்டுடைமையான நூல்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் ஸ்கேன்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் விக்கிமீடியாவுக்கு வழங்கியது. தன்னார்வலர்கள் அவற்றை எழுத்துணரி மென்பொருளின் வழியே பாடமாக மாற்றி ஏற்றினார்கள். இங்கே ஒரு பக்கத்தைத் திறந்தால் ஒருபுறம் அச்சுப் பக்கத்தின் படமும், மறுபுறம் அதன் தட்டச்சுப் பாடமும் தெரியும். நான் முதலில் சொன்ன அளவுகோலுக்கு நேரே பொருந்துவது இந்த ஏற்பாடு ஒன்றுதான். பாடத்தில் ஐயம் எழுந்தால் கண்ணைச் சற்றுத் திருப்பினால் போதும்.

மெய்ப்பின் நிலையையும் மறைப்பதில்லை. எழுத்துணரி தந்தபடியே கிடக்கும் பக்கம் சிவப்பு, ஒருவர் திருத்தியது மஞ்சள், இரண்டாமவரும் சரிபார்த்தது பச்சை என்று நிறத்தால் காட்டிவிடுகிறார்கள். பழைய அச்சில் எழுத்துணரி தடுமாறும் இடங்கள் பல. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய நூல்களில் லை, னை, றா போன்றவை பழைய கொம்பும் சுழியுமாக வரும்; 19ஆம் நூற்றாண்டு நூல்கள் பலவற்றில் எகர ஏகார வேறுபாடே காட்டப்பட்டிராது; ரகரமும் துணைக்காலும் ஒன்றுக்கொன்று இடம் மாறிவிடும். ஆகவே சிவப்புப் பக்கத்திலிருந்து ஒரு வரியை அப்படியே எடுத்து மேற்கோள் காட்டுவது ஆபத்து. ஆயினும் ‘இந்தச் சொல் எந்த நூலில் வருகிறது’ என்று தேடுவதற்குச் சிவப்புப் பக்கமும் உதவுகிறது என்பதை மறுக்க முடியாது. பச்சைப் பக்கங்கள் மிகக் குறைவு என்பதே இத்தளத்தின் பெருங்குறை. மதுரைத் திட்டத்துக்கு 1998இல் கிடைத்த வேகத்தில் மெய்ப்புப் பார்ப்போர் இங்கே கிடைத்தால் நிலைமை மாறும்; கணக்கு ஒன்றைத் தொடங்கி, நாளுக்கு ஒரு பக்கம் திருத்துவதற்கு எவருக்கும் தடையில்லை.

கைப்பேசியிலோ கிண்டில் போன்ற கருவியிலோ வாசிப்பவருக்கு மட்டும் இன்னொரு தளத்தைச் சுட்ட வேண்டும். கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதும் கணியம் குழுவினர் 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ், நூல்களை ஈபப் என்ற மின்னூல் வடிவிலும், ஆறங்குலத் திரைக்கேற்ற பிடிஎஃப் வடிவிலும் தருகிறது. இதைப் பழைய நூல்களுக்கான தளமாகக் கருத வேண்டாம். வலைப்பதிவர்கள் தம் பதிவுகளைத் தொகுத்து, யாவரும் பகிர இடமளிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வழங்கிய நூல்கள் இங்கே கணிசமாக இருக்கின்றன. பயணக் குறிப்பு, சமையல், கணினி நுட்பம் என வகை பலவாக இருப்பினும் தரம் ஏற்ற இறக்கமானது. மூல வலைப்பதிவு பின்னாளில் அழிந்துபோனாலும் அதில் இருந்தது நூலாக இங்கே எஞ்சியிருக்கும் என்பதால், 2000களின் தமிழ் வலைப்பதிவுகளைப் பற்றி எழுத நினைப்பவர் இன்டர்நெட் ஆர்க்கைவின் பழைய இணையப் பக்கச் சேமிப்போடு இதையும் சேர்த்துத் துழாவ வேண்டியிருக்கும்.